முதலில் சருகு, பிறகு பரல்: கொழும்பில் சின்ன வளவுக்கு ஒரு கூட்டெரு வழிகாட்டி

கூட்டெரு போட நினைப்பவர்கள் முதலில் வாங்குவது பரல். முதலில் சேர்க்க வேண்டியதோ சருகு. சருகு கைவசம் இல்லாமல் தொடங்கிய பரல் இரண்டு மூன்று கிழமையில் நாறும், இலையான் மொய்க்கும், பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்ப்பார். அதோடு பரல் கவிழ்த்து வைக்கப்படும். "எங்களுக்குச் சரிவராது" என்று விட்டவர்களிடம் என்ன போட்டீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் மரக்கறித் தோல் மட்டும்தான் போயிருக்கும்.

குசினிக் கழிவில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் தண்ணீர். அதை மட்டும் குவித்தால் தன் பாரத்திலேயே நசுங்கி, காற்றுப் போக இடமில்லாமல் கூழாகிவிடும். ஒட்சிசன் இல்லாத இடத்தில் வேலை செய்யும் பற்றீரியாதான் அந்த முட்டை அழுகிய மணத்தைக் கொண்டுவருகிறது. சருகு இரண்டு வேலை செய்யும்: ஈரத்தை உறிஞ்சும், நடுவில் காற்றுக்கு இடைவெளி விடும். மூன்றாவது வேலை கண்ணுக்குத் தெரியாதது. நுண்ணங்கிகள் ஒரு பங்கு நைதரசனுக்கு 25 முதல் 30 பங்கு காபன் இருந்தால் நன்றாகப் பெருகும். மரக்கறிக் கழிவில் காபன் அதற்குக் குறைவு, சருகில் அதிகம். இரண்டும் சேர்ந்தால்தான் கணக்குச் சரிவரும்.

குளிர்நாட்டுப் புத்தகங்களில் உள்ளதை இங்கே அப்படியே செய்யக்கூடாது. வெயில் படும் இடத்தில் கறுப்புப் பரலை வை, சூட்டைத் தக்கவை, இடைக்கிடை தண்ணீர் ஊற்று என்று அவர்கள் சொல்வது அவர்களுடைய குளிருக்கு. கொழும்பில் வருடம் முழுக்க 27, 28 பாகை வெப்பம் இருக்கிறது. உக்கவைக்கும் வேலையைக் காலநிலையே செய்யும். நம்முடைய தலையிடி மழை. ஆண்டுக்கு 2000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிற ஊரில் கூட்டெருவுக்கு வேண்டியது கூரையும் காற்றும்.

சருகுச் சாக்கு

நாலு பேர் உள்ள வீட்டில், மரக்கறிச் சமையல் தினமும் நடந்தால், ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கழிவு வரும். கொள்ளளவில் அது இரண்டு லீற்றர். அதற்கு நொறுக்கிய சருகு நாலு லீற்றர் வேண்டும். மாதத்துக்கு 120 லீற்றர், அதாவது 50 கிலோ அரிசிச் சாக்கில் ஒன்றரை, இரண்டு. சருகை நொறுக்கினால் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும் என்பதால், கூட்டிய சருகு ஐந்தாறு சாக்கு ஒரு மாதத் தேவைக்குச் சரி. தொடங்கும் நாளில் நொறுக்கியது இரண்டு சாக்காவது கையில் இருக்கட்டும்.

சேர்க்கும் காலம் தை, மாசி. அந்த இரண்டு மாதமும் கொழும்பில் மழை குறைவு, மா, பலா, ஈரப்பலா எல்லாம் இலை கொட்டும். அப்போது எரிக்காமல், குப்பை லொறிக்குக் கொடுக்காமல், சாக்கில் கட்டி மழை படாத மூலையில் அடுக்கினால் வைகாசி மழைக்கும் ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் கை கொடுக்கும். சொந்த மரம் இல்லாத வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீடுகளுக்குக் கோயில் வீதியோ பள்ளிக்கூட வளவோ நல்ல இடம். கூட்டுபவரிடம் கேட்டால் ஒரு சாக்குத் தருவார். தெருவோரம் கூட்டிக் குவித்ததை எடுக்க வேண்டாம். கண்ணாடித் துண்டு, பொலித்தீன், சிகரட் அடிக்கட்டை எல்லாம் அதற்குள் இருக்கும்.

பலா, மா இலைகள் தடிப்பானவை, மேலே மெழுகு பூசினதுபோல் இருக்கும். முழுசாகப் போட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டித் தகடாகி, தண்ணீரும் போகாது, காற்றும் போகாது. நன்றாகக் காய்ந்ததும் சாக்கோடு வைத்துக் காலால் மிதித்தாலே பாதி நொறுங்கிவிடும். மிச்சத்தைக் கத்தியால் கொத்தலாம்.

சருகு தீர்ந்தால் மாற்றுக்கு முட்டை மட்டை சிறந்தது. கையால் கிழித்துப் போடலாம். பளபளப்பில்லாத காட்போட் பெட்டி, பத்திரிகைத் தாள் கீலங்கள் சரி. தச்சுப் பட்டறை மரத்தூளும் உதவும். ஆனால் அதில் காபன் மிக அதிகம் என்பதால் சருகின் அளவில் கால்வாசிக்கு மேல் போடக்கூடாது, போட்டால் குவியல் மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும். பிளைவூட் அறுத்த தூளில் பசை இருக்கிறது, அது வேண்டாம். கடையில் கட்டியாக விற்கும் தும்புத்தூளை இதற்கென்று வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: கட்டியை உதிர்க்கத் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும், ஊறியபின் அது காய்ந்த பொருள் இல்லை. வெயிலில் பரப்பி உலர்த்தினால்தான் பிரயோசனம்.

இடம்

ஐந்தாறு பேர்ச் காணியில் வீடு போக மிஞ்சுவது பின்பக்கத்தில் ஒரு கீலம்தான். அதில் மூன்றடிக்கு ஆறடி போதும், இரண்டு பரல் நிற்கும். மண் தரையாக இருக்கட்டும், மண்புழு கீழிருந்து ஏறும், ஊறும் தண்ணீர் நிலத்துக்குள் போகும். பக்கத்து வீட்டு மதிலில் முட்டக்கூடாது, ஒன்றரை அடி தள்ளி வையுங்கள். கூரைத் தண்ணீர் விழும் இடமும் பீலி வடியும் இடமும் கூடாது. கிணறு உள்ள வளவென்றால் அதிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம். குசினிக் கதவிலிருந்து பத்துப் பதினைந்து அடி எடுத்து வைத்தால் போய்ச் சேர வேண்டும். மழை நாளில் வளவின் கோடிக்கு யாரும் போகமாட்டார்கள், வாளி குசினியிலேயே நாறும்.

பரல்

நீல நிற 200 லீற்றர் பிளாஸ்டிக் பரல் இரண்டு. உணவுப் பொருள் வந்த பரலா என்று கேட்டு வாங்குங்கள். இரசாயனம் வந்ததென்றால் எவ்வளவு கழுவியும் பயனில்லை. இரண்டு எதற்கு? ஒன்று நிரம்ப ஏறத்தாழ இரண்டு மாதம் எடுக்கும். போடப் போட உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால்தான் இவ்வளவு நாள். அது நிரம்பியபின் மூடி வைத்து உக்க விட இன்னும் இரண்டு மாதம் வேண்டும். அந்த இரண்டு மாதமும் இரண்டாவது பரல் நிரம்பும். ஒரே பரலில் மேலே புதுசைப் போட்டுக்கொண்டே கீழே பசளை எடுக்கலாம் என்பது கேட்க நன்றாக இருக்கும், கையில் வருவது பாதி உக்கியதும் பாதி உக்காததும்தான்.

அடியை அறுத்து எடுத்துவிடுங்கள். பக்கத்தில் 10 மில்லிமீற்றர் துளைகள், வரிசைக்கு வரிசை 15 சென்ரிமீற்றர், துளைக்குத் துளை 10 சென்ரிமீற்றர். ஐந்து வரிசை போட்டால் ஏறத்தாழ தொண்ணூறு துளை வரும். இது அதிகமாகத் தெரியும், அதிகமில்லை. கடையில் கூட்டெருவுக்கென்று விற்கும் சில பரல்களில் இதில் கால்வாசித் துளைகூட இருக்காது.

கீழே எலிக்கும் பெருச்சாளிக்கும் தடுப்பு வேண்டும். அரை அங்குலக் கண் உள்ள துருப்பிடிக்காத கம்பி வலை, 75 சென்ரிமீற்றர் சதுரம். அதைத் தரையில் விரித்துப் பரலை மேலே நிறுத்தி, வலையின் ஓரத்தை மேலே மடித்து, நாலு இடத்தில் துளை வழியாகக் கம்பியால் கட்டிவிடுங்கள். பசளை எடுக்கும் நாளில் அவிழ்த்துப் பரலைத் தூக்கினால் முழுக் குவியலும் தரையில் நிற்கும். கோழிக்கூட்டுக்கு அடிக்கும் மெல்லிய அறுகோண வலையைப் பெருச்சாளி கடித்துக் கிழிக்கும், அது சரிவராது.

இனி மூடி. பரல் மூடியின் மேற்பக்கம் தட்டுப்போல் குழிந்திருக்கும். ஒரு மழைக்கு அதில் தண்ணீர் நிற்கும், ஏழெட்டு நாளில் டெங்கு நுளம்பு பறக்கும். 2007 ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி நுளம்பு பெருக இடம் கொடுத்த வீட்டுக்காரர்மீது வழக்குப் போடலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வளவுக்குள் வந்தால் முதலில் பார்ப்பது இப்படியான குழிகளைத்தான். ஆகவே மூடியின்மேல் மூன்றடிச் சதுரத் தகரத்தைச் சரிவாக வைத்து, பின்பக்கம் ஒரு செங்கல், முன்பக்கம் பாரத்துக்கு ஒரு கல். மழையும் உள்ளே போகாது, தண்ணீரும் தேங்காது.

வளவு முழுக்கச் சீமெந்து போட்ட வீடென்றால் பரலின் அடியை அறுக்காமல் பத்துப் பன்னிரண்டு துளை போட்டு, நாலு செங்கல்லின்மேல் ஏற்றுங்கள். வடியும் கறுப்புத் தண்ணீருக்குக் கீழே ஒரு தட்டு. அந்தத் தட்டை மணலால் நிரப்பிவிட வேண்டும், வெறும் தண்ணீராக நிற்கக்கூடாது. முதல் முறை மண்புழு தானாக வராது. பூச்சாடி மண்ணிலிருந்து ஒரு பிடி புழுவை எடுத்து விடலாம், அதுவும் குவியலின் சூடு ஆறிய பிறகு.

தொடங்குவது

அடியில் 15 சென்ரிமீற்றர் உயரத்துக்குக் கரடுமுரடான பொருள்: விரல் தடிப்புச் சுள்ளி, துண்டாக வெட்டிய தேங்காய் மட்டை, செவ்விளநீர்க் கோம்பை. இவை ஒரு வருடத்துக்கு மேலானாலும் முழுசாக உக்காது, உக்க வேண்டியதுமில்லை. தண்ணீர் வடியவும் கீழிருந்து காற்று ஏறவும்தான் இவை. அதன்மேல் நாலு விரல் உயரத்துக்குச் சருகு. அதன்மேல் மரத்தடி மண் அல்லது பழைய கூட்டெரு அரை வாளி. நுண்ணங்கிகள் அந்த மண்ணிலேயே ஏராளம், பக்கற்றில் விற்கும் "உக்கவைக்கும் திரவம்" தேவையில்லை. பசுச் சாணம் கிடைத்தால் அரைக் கிலோவை ஐந்து லீற்றர் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கலாம், கிடைக்காவிட்டால் குறையில்லை.

குசினியில் மூடியுள்ள ஐந்து லீற்றர் வாளி. அடியில் ஒரு பத்திரிகைத் தாள், பொலித்தீன் பை வேண்டாம். மரக்கறி கழுவிய தண்ணீரை வடித்துவிட்டுத்தான் வாளியில் போட வேண்டும், இந்த ஒரு பழக்கம் வந்தாலே பாதித் தொல்லை இல்லை. வாழைப்பழத் தோல், பூசணித் தோல், கோவாத் தண்டு போன்றவற்றை இரண்டங்குலத் துண்டாக நறுக்கினால் வழக்கமாக எடுக்கும் காலத்தில் பாதியில் உக்கும்.

பரலுக்குள் கொட்டும்போது மேலே பரப்பாதீர்கள். நடுவில் தடியால் குழி பறித்து, உள்ளே கொட்டி, ஒரு வாளிக்கு இரண்டு வாளி சருகு என்ற கணக்கில் கொஞ்சத்தைக் கிளறிக் கலந்து, மிச்சத்தை மேலே மூடுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் கழிவு ஒரு துண்டும் தெரியக்கூடாது, மூடிய சருகு மூன்று விரல் உயரமாவது இருக்க வேண்டும். கிழமைக்கு ஒருமுறை நீளக் கம்பியாலோ அலவாங்காலோ அடிவரை ஏழெட்டு இடத்தில் குத்தி அசையுங்கள். பாரம் தூக்க இயலாதவர்கள் தொடக்கத்திலேயே நடுவில் இரண்டங்குலப் பிவிசி குழாயொன்றை, பக்கமெல்லாம் துளை போட்டு, மேல்வாயை நுளம்பு வலையால் கட்டி நிறுத்திவிட்டால் கிளறும் வேலை பாதியாகும்.

ஈரம் பார்க்க உள்ளேயிருந்து ஒரு பிடி எடுத்து இறுகப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு துளி வந்தால் பதம். வடிந்தால் சருகு வேண்டும். கை நனையாமல் உதிர்ந்தால் தண்ணீர் வேண்டும், கொழும்பில் அது மாசி, பங்குனியில் மட்டும் நடக்கும்.

எது போகும், எது போகாது

தேயிலைச் சக்கை தாராளமாகப் போடலாம், நம் வீடுகளில் கிடைக்கும் மிகச் சிறந்த பொருள் அதுதான். தேயிலைப் பையைக் கிழித்துச் சக்கையை மட்டும் கொட்டுங்கள், பல பைகளில் பிளாஸ்டிக் நூல் கலந்திருக்கிறது. முட்டைக் கோது காயவைத்து நொறுக்கிப் போட வேண்டும், முழுசாகப் போட்டால் ஆறு மாதம் கழித்தும் அப்படியே வெளியே வரும். பூசை மாலை, பூ எல்லாம் சரி, நைலோன் நூலை உருவிவிட்டு. வாழையிலை சரி. சோற்றுப் பாசல் சுற்றிவரும் லஞ்ச் ஷீட் பொலித்தீன், அது வேண்டாம்.

பால் பிழிந்த தேங்காய்ச் சக்கையில்தான் பலர் ஏமாறுவார்கள். மிஞ்சிய எண்ணெய்ப்பசை காரணமாகக் கட்டியாகி ஊசிப்போகும், எலிக்கும் எறும்புக்கும் அதைவிட அழைப்பு வேறில்லை. ஒரு நாளைக்கு ஒரு பிடிக்கு மேல் போடாமல், சருகோடு பிசைந்து நடுக் குழியில் இடுங்கள். சோறும் அப்படித்தான், ஒரு பிடி பரவாயில்லை, பானை மிச்சம் முழுவதும் போனால் புளித்து நாறும். சிரட்டை போகவே கூடாது. கறி, எண்ணெய், எலும்பு, பால் சாமான், நாய் பூனைக் கழிவு எதுவும் வேண்டாம். மீன் செதிலும் குடலும் நல்ல பசளைதான், ஆனால் பரலுக்கு இல்லை. வாழையடியில் ஒன்றரை அடி கிடங்கு வெட்டி, போட்டு, மண் மூடி, மேலே ஒரு கல்லை வைத்துவிடுங்கள். கல் இல்லாவிட்டால் இரவிலேயே நாய் தோண்டிவிடும்.

விதை வைத்த களையும் கோரைக் கிழங்கும் போடாதீர்கள். களை விதை சாக 55 பாகைக்கு மேல் சூடு நாட்கணக்கில் நிற்க வேண்டும், அதற்கு ஒரு கன மீற்றர் குவியல் தேவை. 200 லீற்றர் பரல் அந்தச் சூட்டைப் பிடித்து வைக்காது.

பிழைத்தால்

முட்டை அழுகிய மணம் வந்தால் காற்றில்லை. முழுவதையும் ஒரு சாக்கின்மேல் கொட்டி, அரைச் சாக்குச் சருகைக் கலந்து திரும்ப நிரப்புங்கள். மேலே மட்டும் சருகு தூவினால் மணம் இரண்டு நாளைக்கு மறையும், பிறகு திரும்பி வரும். மூக்கை எரிக்கும் அமோனியா மணம் வேறு. அது நைதரசன் கூடிப்போனது, புல் வெட்டியதை மொத்தமாகக் கொட்டினால் வரும். மருந்து அதே சருகுதான், கொஞ்சம் மரத்தூளும் சேர்க்கலாம். சுண்ணாம்பு போட்டு மணத்தை அடக்கப் பார்ப்பவர்கள் அமோனியாவை இன்னும் விரைவாகக் கிளப்பி, நைதரசனைக் காற்றில் விடுகிறார்கள்.

சின்னப் பழ இலையான் மூடாததால் வரும். பழத்தோலை உள்ளே புதைத்தால் ஒரு கிழமையில் குறையும். கபில நிறத்தில், கண்டம் கண்டமாக, அரை அங்குலத்துக்கு மேல் நீளமான தட்டைப் புழுக்கள் நூற்றுக்கணக்கில் நெளிவதைப் பார்த்துப் பரலையே கைவிடுபவர்கள் உண்டு. அவை வீட்டு இலையானின் புழு இல்லை. குளவிபோல் தோற்றமுள்ள ஒரு கறுப்பு ஈயின் புழு. அந்த ஈ கடிக்காது, சாப்பாட்டில் மொய்க்காது, புழுவோ கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும். விட்டுவிடலாம். பார்க்கச் சகிக்காவிட்டால் சருகைக் கூட்டி ஈரத்தைக் குறையுங்கள், தானாகக் குறையும். கோழி வளர்ப்பவருக்கு இது விருந்து.

கவனிக்க வேண்டிய புழு இன்னொன்று. வெள்ளை உடல், கபிலத் தலை, அரைவட்டமாகச் சுருண்டு, சுண்டுவிரலை விடத் தடிப்பாக, அடியில் உக்கிய பகுதியில் கிடக்கும். தென்னங் குருத்தைத் துளைக்கும் கருவண்டு உக்கிய குவியலில்தான் முட்டையிடும். வளவிலோ பக்கத்திலோ தென்னை நின்றால் பொறுக்கி அழித்துவிடுங்கள். நாலு மாதத்துக்கு மேல் குவியலைக் கிளறாமல் விடுவதுதான் இதற்கு வழிவிடுகிறது.

எறும்பு புற்று வைத்தால் உள்ளே காய்ந்திருக்கிறது, ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக் கிளறினால் இடம் மாறிவிடும். வெள்ளைப் பூஞ்சணம் நல்ல அறிகுறி, தொட வேண்டாம். அடியில் கறுப்புத் தண்ணீர் ஓடினால் அதை மரக்கறிச் செடிக்கு ஊற்றாதீர்கள். அது பாதி அழுகிய சாறு, பசளை இல்லை. பெரிய மரத்தடியில் பத்து மடங்கு தண்ணீர் கலந்து விடலாம்.

பசளை எடுப்பது

மூடி வைத்து இரண்டு மாதமானபின் பரலைத் தூக்குங்கள். குவியல் போட்டதில் மூன்றில் ஒன்றாக இறங்கியிருக்கும். கறுத்த கபிலம், முதல் மழை மண் மணம், கை வைத்தால் சூடில்லை என்றால் ஆயிற்று. ஒரு சென்ரிமீற்றர்க் கண் வலையைச் சட்டத்தில் அடித்த அரிதட்டில் அரித்து, மேலே நின்ற மட்டை, சுள்ளியை அடுத்த பரலின் அடிக்குப் போடுங்கள். அவற்றில் ஒட்டிய நுண்ணங்கிகள் அங்கே வேலையைத் தொடங்கிவைக்கும்.

சந்தேகம் இருந்தால் ஒரு பிடி ஈரப் பசளையைப் பையில் காற்றுப் போகாமல் கட்டி மூன்று நாள் வைத்து மணந்து பாருங்கள். புளித்த மணம் வந்தால் இன்னும் இரண்டு கிழமை வேண்டும். இன்னொரு சோதனை: ஒரு சிரட்டையில் பசளை, இன்னொன்றில் வளவு மண், இரண்டிலும் பத்துப் பத்துப் பயறு. நாலு நாளில் பசளையில் குறைந்தது எட்டுப் பயறு முளைக்க வேண்டும். மண்ணில் முளைத்துப் பசளையில் முளைக்காவிட்டால் அது இன்னும் பதமாகவில்லை. அப்படியே செடிக்குப் போட்டால் வேர் கருகும், உக்கி முடிக்க மண்ணிலுள்ள நைதரசனையும் அதுவே இழுத்துக்கொள்ளும், இலை மஞ்சளாகும்.

பூச்சாடிக்கு ஒரு பங்கு பசளை, மூன்று பங்கு மண். முழுக்கப் பசளையில் கத்தரி, மிளகாய் நடுபவர்கள் உண்டு. இரண்டு மாதத்தில் சாடி பாதியாக இறங்கும், மழையில் தண்ணீர் கட்டி நின்று வேர் அழுகும். பொன்னாங்காணி, வல்லாரைப் பாத்திக்கு இரண்டு விரல் தடிப்பில் பரப்பி மேல்மண்ணோடு கிளறினால் போதும். கறிவேப்பிலைக்கு அடிமரத்தில் முட்டாமல் ஒரு சாண் தள்ளி வட்டமாக இடுங்கள். மிஞ்சியதைத் துளை போட்ட உரப்பையில் நிழலில் வையுங்கள், மழை படக்கூடாது; பட்டால் சத்தெல்லாம் கரைந்து பையின் அடியால் போய்விடும்.